களிம்பு டியூபுக்கும் பில் வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் ஆகும்போது, வீட்டில் தொடர்ந்து பூச வேண்டிய களிம்பையும் டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். மெடிக்கலில் நோயாளி பெயர், தேதியோடு பில் கேளுங்கள். அந்தக் காசைத் தனியார் மருத்துவக் காப்பீட்டில் திரும்பக் கேட்கலாம்.

சம்பா நடவில் வரும் சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விட்டு, சீழ் பிடித்து, முழங்கால்வரை வீங்கி அட்மிட் ஆகிறவர்கள் டெல்டாவில் உண்டு. பல பாலிசிகள் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் மருந்துச் செலவையும், அதே நோய்க்கானது என்றால் ஏற்கின்றன. நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும், பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கிய டியூப் என்றால், அதே மருந்தாகவே இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். துண்டுத்தாளில் கூட்டிப்போட்டுத் தரும் கணக்கும் எடுபடாது.

அட்மிட் ஆகாமல் படர்தாமரைக்கோ அரிப்புக்கோ வாங்குவது இதில் சேராது, அதற்கு ஓ.பி. செலவும் சேர்ந்த பாலிசி வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டைக்கும் இது பொருந்தாது, அது ஆஸ்பத்திரியிலேயே கழித்துக்கொள்ளும் திட்டம். ஆரம்பநிலை சேற்றுப்புண் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் காட்டிக்கொள்ளலாம்.