செம்பனை மரங்கள் நெருங்கும்போது மூக்கைத் தூக்காதீர்கள்

மலேசியாவின் சித்தியவான் போன்ற தோட்டப்புற ஊரில் சிறு விமானம் கிளம்புகிறது. உயரம் போதவில்லை, செம்பனை மரங்கள் நெருங்குகின்றன. கை தானாகவே யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, இழுக்கும். உயிரை வாங்குவது அந்த இழுப்புதான். காற்றோடு இறக்கை வைக்கும் கோணம் ஏறத்தாழ 15 முதல் 18 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறக் காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்து ஸ்டால் ஆகிவிடும். எஞ்சின் முழு விசையில் உறுமினாலும் காப்பாற்றாது.

தவறு தரையிலேயே தொடங்குகிறது. பிற்பகல் 33 பாகை செல்சியஸ் வெயிலில், கடல்மட்டத்து ஓடுபாதையிலும் விமானம் ஏறத்தாழ 2,100 அடி உயரத்தில் இருப்பதுபோலவே சோர்ந்து ஓடும். அன்றைய வெப்பத்துக்கும் எடைக்கும் கிளம்பத் தேவையான தூரத்தைக் கையேட்டின் அட்டவணையில் பாருங்கள். காய்ந்த புல்தரை என்றால், செஸ்னா 172எஸ் சிறு விமானத்தின் (இங்கே சொல்லும் வேகங்களும் அதற்குரியவையே) கையேட்டின்படி தரையோட்டத்தில் 15 விழுக்காடு கூட்ட வேண்டும். ஈரப் புல்லுக்கு இன்னும் தாராளமாக. பாதி ஓடுபாதையில் கிளம்பும் வேகத்தின் 70 விழுக்காடு வரவில்லையா, உடனே பிரேக் பிடியுங்கள்.

அவசரப்பட்டுத் தூக்குவது அடுத்தது. தரையிலிருந்து, இறக்கைகளின் முனைக்கு முனை நீளமான 11 மீட்டர் உயரத்துக்குள் காற்றின் இழுவை குறைவு. 55 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகம் வருமுன்பே பிடுங்கினாலும் விமானம் மிதக்கும். அதை ஏற்றம் என்று நம்பி மேலே போனால் இழுவை கூடும், வேகம் தேயும். தாழ்வாகவே வேகம் சேருங்கள்: ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள்) இறக்காமல் மரத்தைத் தாண்ட 62 நாட், மற்றபடி 74. இறங்கியவுடன் மீண்டும் கிளம்பும் பயிற்சியில் மூக்கின் நிலையைப் பிடித்துவைக்கும் டிரிம்மைச் சரிசெய்ய மறக்கவே மறக்காதீர்கள். மறந்தால் மூக்கு தானாகவே எழும்பும்.

எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப நினைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. நேராகப் பறக்கையில் 48 நாட்டில் வரும் ஸ்டால், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் 57இலும், 60 பாகையில் 68இலும் வந்துவிடும். எஞ்சினில்லாமல் சறுக்க உகந்த வேகமே 68தான்! உடனே மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரியும் திறந்த நிலத்தில் இறங்குங்கள். மறுநடவு செய்த வயலோ தோட்டச் சாலையோ எந்தப் பக்கம் என்பதைக் கிளம்புமுன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்பே எச்சரிக்கை ஹாரன் ஊதும். ஊதியதும் யோக்கைத் தள்ளுங்கள். ஓர் இறக்கை சரிந்தால் அய்லரானால் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை நுனி மடிப்பு) நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சரிந்த இறக்கையின் கோணம் மேலும் கூடி விமானம் சுழலத் தொடங்கும். முதலில் கோணத்தைக் குறையுங்கள், வாலிலுள்ள ரடரால் (திசைச் சுக்கான்) சுழற்சியைத் தடுங்கள், இறக்கையை நிமிர்த்துவது அதன்பிறகு.