ஆலப்புழையைக் கடற்கரையில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் ரயில் ஏறுகிறவர்கள் முதலில் வண்டி எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். காயங்குளத்தில் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று கோட்டயம் வழி, இன்னொன்று ஆலப்புழை வழி. எர்ணாகுளம் வண்டிதானே என்று ஏறி உட்கார்ந்தால் சிக்கல்.

இறங்கியதும் ஹவுஸ்போட் தரகர்கள் வந்தால், "அப்புறம் பார்க்கலாம் சேட்டா" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள். 1862-இல் கட்டிய கடற்பாலத்தின் மிச்சத் தூண்கள் நிற்கும். கலங்கரை விளக்கமும் அதே ஆண்டுதான். அங்கிருந்து கால்வாய்க் கரையைப் பிடித்துக் கிழக்கே படகுத்துறை வரை நடங்கள். மலைநாட்டு மிளகும் ஏலமும் குட்டநாட்டுக் கொப்பரையும் காயல் வழியாக வள்ளத்தில் வந்து, வாடைக் கால்வாயிலும் கமர்ஷியல் கால்வாயிலும் நுழைந்து, கடலோரக் கிடங்குகளில் இறங்கிக் கப்பலேறின. அந்தச் சரக்கு வந்த வழியில்தான் நீங்கள் எதிராக நடக்கிறீர்கள். இது தெரியாமல் பார்த்தால் வெறும் வாய்க்கால்தான். இந்தத் துறைமுகத்தை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் நம்ம விளவங்கோட்டுப் பக்கம், குன்னத்தூரில் பிறந்தவர். அந்த உரிமையோடு கொஞ்சம் மெதுவாகவே நடக்கலாம்.

தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கறுத்திருக்கும், ஆகாயத்தாமரையும் மிதக்கும். ஆனால் 1860-இல் தொடங்கிய நம்ம ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் தூர்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ மேல்.

மதியம் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, படகுத்துறையில் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் கோட்டயம் படகு எப்போது என்று விசாரியுங்கள். டிக்கெட் படகிலேயே தருவார்கள், பேருந்துக் கட்டணம் போலத்தான். பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் துறைக்குத் துறை ஏறி இறங்குவார்கள். ஹவுஸ்போட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்தாலும் இந்தக் கூட்டம் கிடைக்காது. ஜன்னலோரம் உட்காருங்கள். வரம்புக்கு அப்பால் வயல், படகு மிதக்கும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கும்; குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. மழைக்காலத்தில் பிள்ளைகளோடு போவதென்றால் நான் வேண்டாம் என்பேன்.

கோட்டயத்தில் இறங்கினால் ஆலப்புழைக்குத் திரும்ப வேண்டாம், அங்கிருந்தே தெற்கே வரும் ரயில் உண்டு. அது குழித்துறையில் நிற்காவிட்டால் திருவனந்தபுரத்தில் இறங்கி, தம்பானூர் பஸ் நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடியுங்கள்.