முன்வார்ப்புக் கட்டடத் தொழிற்சாலை: சாத்தியக்கூறு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ ஏ9 வீதியோரம் காணி எடுத்து, கொங்கிறீட் சுவர்ப் பலகைகளையும் தளத் துண்டுகளையும் தொழிற்சாலையிலேயே முன்கூட்டி வார்த்து (இதுதான் முன்வார்ப்பு) கொழும்புக்கு ஏற்றினால் என்ன என்ற யோசனை, வன்னியில் வேலை தேடும் இளைஞரையும் சும்மா கிடக்கும் காணியையும் பார்க்கும் எவருக்கும் வரக்கூடியதே. சனநெருக்கமான நகரங்கள் இப்படி வெளியிலிருந்து எடுப்பதும் புதிதல்ல; ஹொங்கொங் தனக்கு வேண்டிய முன்வார்ப்புக் கூறுகளில் பெரும்பகுதியைப் பக்கத்திலுள்ள சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்தே பெறுகிறது. ஆனால் அங்கே தூரம் மிகக் குறைவு என்பதை மறந்து, காணி, கூலி, சீமெந்து விலைகளோடு கணக்கைத் தொழிற்சாலை வாசலிலேயே முடித்துவிடுவதுதான் முதல் தவறு.

ஒரு கன மீற்றர் கொங்கிறீட் ஏறத்தாழ 2.4 தொன். 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் 150 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு பலகை ஆறரைத் தொன்னை நெருங்கும். அப்படி மூன்றை ஏற்றினாலே ஒரு பெரிய வாகனம் நிரம்பிவிடும், அதுவும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓடித் திரும்ப வேண்டும். ஏ9 வீதியில் பிரச்சினை பெரிதல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் நீண்ட றெயிலர் திரும்புமா, மேலே போகும் மின்கம்பிகள் இடம் விடுமா, பாரந்தூக்கி கால் விரித்து நிற்க நிலம் இருக்கிறதா என்பதில்தான் திட்டம் நிற்கும் அல்லது விழும். பலகையை இறக்கி அடுக்கி வைக்க அங்கே முற்றம் கிடையாது. லொறியிலிருந்தே தூக்கிப் பொருத்த வேண்டும் என்பதால், ஒரு வாகனம் பிந்தினால் பாரந்தூக்கியும் ஆட்களும் வாடகையோடு சும்மா நிற்பார்கள். 50 தொன் என்று எழுதப்பட்ட பாரந்தூக்கியின் கை நீள நீள, தூக்கக்கூடிய பாரம் அதில் சிறு பங்காகக் குறைவதையும் பலர் கவனிப்பதில்லை.

வீட்டுப் பற்றாக்குறையைத் தேவையாக எண்ணிக்கொள்வது அடுத்த தவறு. வார்ப்பு அச்சுகளுக்குப் போட்ட முதலீடு, ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வார்த்தால்தான் மீளும். சிங்கப்பூரில் இது நடந்ததற்குக் காரணம், அரச வீடமைப்புச் சபையே ஒத்த வடிவத்தில் தொடர்ந்து கட்டுவித்தது. எங்கள் பகுதியில் அரசின் அறிவிப்பை மட்டும் நம்பிக் கணக்கிட முடியாது: வடக்கு, கிழக்குக்கென 2016இல் பேசப்பட்ட 65,000 உருக்குப் பொருத்து வீடுகள், வெப்பம், விலை, பின்னர் அறை கூட்டிக்கட்ட முடியாமை, உள்ளூர் மேசன்மாரின் பிழைப்பு ஆகிய கேள்விகளில் சிக்கி, அறிவித்தபடி எழவேயில்லை. கையெழுத்தான கொள்வனவு இல்லாத எண்ணிக்கையை வருமானப் பக்கத்தில் எழுதக்கூடாது.

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவதும் ஏமாற்றும். முன்வார்ப்பின் உண்மையான இலாபம் மிச்சப்படும் காலத்தில் இருக்கிறது. வங்கிக் கடனில் மாடி எழுப்புபவருக்கு அது பணம், காசு சேரச் சேரக் கட்டும் வன்னிக் குடும்பத்துக்கு அநேகமாக ஒன்றுமில்லை. உருக்கும் இயந்திர உதிரிப்பாகங்களும் டொலரில் வருபவை என்பதால், 2022இல் ரூபாய் வீழ்ந்த வேகத்தையும் ஒரு முறை கணக்கில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பலகையின் பலத்தைச் சோதித்துவிட்டுப் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளை விட்டுவிடுபவர்கள், 1968இல் லண்டனில் ரொனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை சரிந்ததைப் படிக்க வேண்டும். ஒரு வீட்டில் வெடித்த சமையல் வாயு சுவர்ப் பலகையொன்றைத் தள்ளியதும், மூட்டுகள் தாங்காமல் மேல் தளங்களும் கீழ்த் தளங்களும் தொடர்ந்து விழுந்தன; நால்வர் இறந்தனர். அந்த மூட்டுகளைச் சேர்க்கும் பொருத்துநர்களின் பயிற்சிச் செலவு இல்லாத சாத்தியக்கூற்று அறிக்கை அரைகுறையானது.

மணல் அனுமதியும், கலவை நீரின் உப்பும் (குளோரைட்டு கம்பியை அரிக்கும்) தனியே பார்க்க வேண்டியவை. கிணற்று வளையமும் வேலித் தூணும் வார்க்கும் முற்றங்கள் இங்கே ஏற்கனவே உள்ளன. இருவர் மூவர் தூக்கக்கூடிய தளப் பலகைகளை அவற்றில் வார்த்து, வவுனியா நகரத்து மாடிக் கட்டடங்களுக்கு விற்கும் கணக்கைக் கொழும்புக் கணக்குக்கு முன்னரே போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பாரந்தூக்கி வேண்டியதில்லை.