அடைப்புப் பக்கவாதமும் ஆக்சிஜனேற்ற அழுத்த மரபணுக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டு வரும் இஸ்கீமிக் பக்கவாதத்தில், உயிரணுக்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் மட்டும் இறப்பதில்லை. அடைப்பு நீங்கி ஆக்சிஜன் திரும்பி வரும்போது திடீரெனப் பெருகும் சூப்பர்ஆக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளாலும் இறக்கின்றன. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அதன் சவ்வுகளிலோ எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. ஆகவே, இத்தகைய மூலக்கூறுகள் பெருகி உயிரணுக்களைத் தாக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு மரபணு எந்த உயிரணுவில், எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதைக் கேட்காமல், பெயரை மட்டும் வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் பல பிழைகளுக்கு வழிவகுக்கிறது.

அவற்றுள் முதலாவது, மரபணுக்களைக் காப்பவை, கெடுப்பவை என இரண்டு அணிகளாகப் பிரித்துவிடுவது. நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதிகளே இதற்குச் சரியான மறுப்பு. நரம்பணுக்களில் உள்ள வகைக்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மூளைச் சேதம் குறைந்தது என்று 1994-இல் தெரியவந்தது. இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள வகைக்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளில் சேதம் கூடியது என்று 1996-இல் தெரியவந்தது. உருவாவது ஒரே வாயுதான். நரம்பணுவுக்குள் அது சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்னும் நச்சாகிறது. குழாய்ச் சுவரில் குழாயை விரித்து இரத்த ஓட்டத்தைக் காக்கிறது.

மரபணு வெளிப்பாட்டின் அளவையே, அதாவது மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவின் அளவையே, புரதத்தின் செயலாகக் கொள்வது அடுத்த தவறு. காப்பு நொதிகள் பலவற்றை முடுக்கிவிடும் என்ஆர்எஃப்2 புரதம், இயல்பான நிலையில் கீப்1 என்னும் புரதத்தால் பிடிக்கப்பட்டு, உருவாகும் வேகத்திலேயே சிதைக்கப்படுகிறது. அழுத்தம் வரும்போது அந்தப் பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று வேலையைத் தொடங்குகிறது. இதன் ஆர்என்ஏ அளவு சற்றும் மாறாமலேயே செயல் பன்மடங்கு கூடலாம் என்பதால், ஆர்என்ஏ பட்டியலை மட்டும் பார்த்து “என்ஆர்எஃப்2 பங்கு பெறவில்லை” என்று எழுதுவது பொருந்தாது. அது இயக்கும் எச்எம்ஓஎக்ஸ்1, என்கியூஓ1 ஆகிய காப்பு நொதி மரபணுக்களின் நிலையைப் பார்ப்பதே ஓரளவு நம்பத்தக்க வழி.

இரத்த மாதிரிகளில் நேரும் குழப்பம் இதைவிடப் பெரிது. உயிரோடு இருப்பவரின் மூளைத் திசுவை எளிதில் எடுக்க முடியாது என்பதால், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிடைத்த பொதுத் தரவுகளைக் கணினியில் அலசி, நான்கைந்து “முக்கிய மரபணுக்களை” அறிவிக்கும் கட்டுரைகள் மிகுந்துவிட்டன. பக்கவாதத்துக்குப் பின் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில்கள் என்னும் வகை கூடுகிறது, லிம்போசைட்டுகள் என்னும் வகை குறைகிறது. சூப்பர்ஆக்சைடை உருவாக்கும் நாக்ஸ்2 நொதி நியூட்ரோபில்களில் மிகுதியாக உள்ளது. எனவே அதன் மரபணு “உயர்ந்துள்ளது” என்ற முடிவு, ஒவ்வோர் உயிரணுவிலும் அது கூடுதலாக இயங்குவதையும் குறிக்கலாம். நியூட்ரோபில்களின் எண்ணிக்கை கூடியதை மட்டுமே குறிக்கலாம். உயிரணு விகிதத்தைக் கணக்கில் கொள்ளாத ஆய்வால் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. மாதிரி பக்கவாதம் வந்த பிறகு எடுக்கப்பட்டதென்றால், அந்த மாற்றம் நோயின் விளைவாகவும் இருக்கலாம் என்பது தலைப்பு எழுதும்போது ஏனோ மறந்துபோகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, சூப்பர்ஆக்சைடை அகற்றும் நொதிக்குரிய எஸ்ஓடி1 மரபணுவின் கதை மறக்கக் கூடாதது. இதைக் கூடுதலாகக் கொண்ட எலிகளில், அடைப்பைச் சிறிது நேரம் வைத்துப் பின் நீக்கியபோது சேதம் குறைந்தது. அடைப்பை நிரந்தரமாக விட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலும், இந்த நொதி சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. அதை அகற்றக் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் வேறு நொதிகள் வேண்டும். அவை போதாதபோது, இரும்பின் துணையோடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஹைட்ராக்சில் என்னும் இன்னும் கொடிய, வினைத்திறன் மிக்க மூலக்கூறாகிவிடும். ஒரு நொதியைத் தனியே எடுத்து “காப்பான்” என்று பட்டம் கட்டுவது வேதியியலுக்கு முரணானது.

மரபணு மாறுபாடுகளைப் பேசும்போது, பக்கவாதம் வரும் வாய்ப்பும், வந்தபின் சேதம் எவ்வளவு என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேதத்தைக் கூட்டும் மரபணு நோயை வரவழைப்பதாக இருக்க வேண்டியதில்லை.

எலியிலிருந்து நேராக மருந்துக் கடைக்குத் தாவுவதுதான் விலை மிகுந்த தவறு. வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கும், விலங்குகளில் நற்பலன் காட்டிய என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, 2006-இல் வெளியான முதல் பெரிய சோதனையில் நம்பிக்கை அளித்து, 3,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அடுத்த சோதனையில் பயனற்றதென 2007-இல் தெரிந்தது. ஜப்பானில் 2001 முதல் இத்தகைய மூலக்கூறுகளை அடக்கும் எடரவோன் என்ற மருந்து பயன்பாட்டில் இருப்பதால், இத்துறை முழுவதும் தோல்வி என்று சொல்வதும் சரியாகாது. ஆனால் மருத்துவமனையில் உரிய நேரத்தில் தரப்படும் மருந்துக்கும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று தினமும் விழுங்கும் வைட்டமின் மாத்திரைக்கும் தொடர்பில்லை: 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் அடைப்புப் பக்கவாதம் சுமார் 10 விழுக்காடு குறைந்திருந்தது, இரத்தக்கசிவுப் பக்கவாதமோ சுமார் 22 விழுக்காடு கூடியிருந்தது.