தங்கியிருப்பதும் ஒன்றியிருப்பதும்: வன்னி வைத்தியசாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடமாற்றம் கேட்காதவரைப் பற்றுறுதி உள்ளவர் என்றும், கேட்டவரை மனமில்லாதவர் என்றும் கணிப்பதுதான் நிர்வாகங்கள் செய்யும் பெரிய தவறு. பணிப் பற்றுறுதியை மேயர், அலன் என்ற ஆய்வாளர்கள் 1991இல் மூன்றாக வகுத்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டால் இழப்பு வரும் என்று இருப்பது, இருப்பது கடமை என்று இருப்பது. சேவைக்காலம் முடியட்டும் என்று நாள் எண்ணுபவர் இரண்டாம் வகை. நோயாளர்மீது உண்மையான பிடிப்போடு வேலை செய்துகொண்டே, ஊரிலுள்ள வயதான பெற்றோருக்காக விண்ணப்பம் எழுதுபவரோ முதல் வகையாக இருக்கலாம்.

அந்த விருப்பம் பெரும்பாலும் கடமைப்பட்டியலில்தான் உடைகிறது. முல்லைத்தீவில் ஒரு வெள்ளி பிற்பகல்; பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் பையைக் கட்டி மேசைக்கடியில் வைத்திருக்கும் தாதி, தன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் இரவுக் கடமை எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேள்வி எழுப்பினால் "சேவை மனப்பான்மை வேண்டும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. "அம்மா, இந்தக் கிழமையும் வரேல்லையா?" என்று பிள்ளை தொலைபேசியில் கேட்டதற்குப் பிறகும், அன்றிரவு சேலைன் ஒன்றுகூடத் தவறாமல் மாற்றப்படுகிறது. ஆகவே எல்லாம் சரியாக நடக்கிறது என்றே நிர்வாகம் நம்பிவிடுகிறது.

2009இல் இறுதிப் போரின்போது புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்தில் மருந்தும் ஆளும் இன்றிச் சிகிச்சை அளித்தவர்களை நாம் மறக்கக்கூடாது. ஆனால் அந்த நினைவைக் காட்டி, நால்வர் செய்ய வேண்டியதை இன்று இருவர் தாங்க வேண்டும் என்று கேட்பது அவர்களுக்கே செய்யும் அவமரியாதை என்பது என் உறுதியான எண்ணம். அப்படிச் சோர்ந்தவரைப் பலவீனர் என்று ஒதுக்குவதும் பிழை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலையிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. ஆளணியை அப்படியே விட்டுவிட்டு ஒருநாள் யோகாப் பயிற்சி வைத்தால் அழுத்தம் குறையாது.

பாராட்டு விழாவில் சிற்றூழியரையும், கிரவல் வீதிகளில் ஸ்கூட்டரில் வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தரையும் விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

கடமைப்பட்டியலை இரண்டு கிழமைக்கு முன்பே ஒட்டுவதற்கும், மாற்றம் வந்தால் சிவப்புப் பேனையை எடுக்குமுன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கும் கொழும்பின் அனுமதி தேவையில்லை.