அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம்: கொங்கு மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மாதமாகியும் தலை நிற்காத குழந்தையைப் பற்றியோ, இரண்டு வயதாகியும் பேச்சு வராமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளையைப் பற்றியோ கவலையோடு கேட்டால், நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வளர வளரச் சரியாப் போயிருமுங்க." அன்போடு சொல்லும் ஆறுதல்தான் அது. ஆனால் அதை நம்பிக் கழிக்கும் மாதங்கள் பிள்ளைக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. குறைபாடு இருப்பது தெரிந்த பிறகும் பல குடும்பங்கள் இன்னொரு முறை காத்திருக்கின்றன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரட்டும், பிறகு பயிற்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகின்றன. உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும்தான் அட்டை வேண்டும். பரிசோதனைக்கும், பிசியோதெரபிக்கும், பேச்சுப் பயிற்சிக்கும், பள்ளியில் சேர்ப்பதற்கும் அட்டை கையில் இருக்க வேண்டியதில்லை. கீழே சொல்லப்படும் எல்லாவற்றிலும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என எந்த மாவட்டமானாலும், இந்தச் சேவைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. பரிசோதனையும் தெரபியும் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன. படிப்புக்கான உதவி பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கிடைக்கிறது. அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், மாத ஓய்வூதியத்துக்கு வருவாய்த் துறைக்கும் போக வேண்டியிருக்கிறது. உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் அங்கிருந்து தொடங்குவதே எளிது. இல்லாத இடங்களில் ஒரு துறை செய்ததை இன்னொரு துறைக்கு எடுத்துச் சொல்லும் வேலை குடும்பத்தின் மீதே விழுகிறது. ஆகவே பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவ அறிக்கைகள், மனுக்களுக்குக் கிடைத்த ரசீதுகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கைவிடாதீர்கள்.

பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வருகிறது. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையைக் கட்டாயம் காட்டுங்கள். குழு வரும்வரை பொறுக்க முடியாதென்றால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு நேராகவே போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் இம்மையத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைக் குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் சேர்ந்து பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது.

காது கேளாத பிள்ளைக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (உள்காதில் பொருத்தப்படும் கேட்புக் கருவி) பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் செய்யப்படுகிறது. கருவி பொருத்திய பின்னும் நீண்ட காலம் கேட்புப் பயிற்சி தேவைப்படும். தறி ஓடும் வீடுகளில் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதே அந்த இரைச்சலில் தெரியாமல் போய்விடுகிறது. சோமனூர், பல்லடம் பக்கத்துப் பெற்றோர் தறியை நிறுத்திவிட்டு, பிள்ளையின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது. சிறிது சந்தேகம் வந்தாலும் முறையான கேட்புப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

தெரபி மையத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கிடைக்கும் அரை மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. மிச்ச நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. அப்பா தறிக்கும் அம்மா பனியன் கம்பெனிக்கும் போய்விட்டால் பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பது அம்மாயியோ (பாட்டி) அப்பாரோதான் (தாத்தா). தெரபிக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போய், குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, சோறூட்டும்போது தலையை எப்படித் தாங்குவது என்பதை அவர்கள் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். செய்முறையை அலைபேசியில் படம்பிடித்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம்.

பள்ளி

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகள் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையையும் அது தருகிறது. "எங்களிடம் இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ திருப்பி அனுப்ப முடியாது. அப்படிச் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல், சேர்க்கை கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் பேச்சு அதோடு மாறிவிடும்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் குறித்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார்கள். இவர்கள் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்கு உதவுவதோடு, பள்ளிக்கே வர முடியாத அளவு கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். படுத்த படுக்கையான பிள்ளையைப் பள்ளிப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டுவிட்ட குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: பெயரைப் பதிந்தால்தான் வீட்டு வழிக் கல்வியும், பயணப்படியும், மருத்துவ முகாமும், உபகரணங்களும் பிள்ளையின் பெயருக்கு வரும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாக முன்னதாகவே கேட்க வேண்டும். தேர்வு நெருங்கிய பின் ஓடுவது வீண் அலைச்சல்.

கல்லூரி அளவில் சிறப்புக் கல்வியைக் கற்பிக்கும் நிறுவனங்களும் நம் பகுதியில் உள்ளன. கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் தனிப் புலமே இயங்குகிறது. சிறப்பு ஆசிரியராக விரும்பும் இளைஞர் ஒருவர் உங்கள் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போனால், அதன் பலன் அந்த ஊருக்கே வந்து சேரும்.

அட்டையும் பணமும்

தனித்துவ அடையாள அட்டைக்கு இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ பதியலாம். பின்னர் அரசு மருத்துவமனையில் உரிய மருத்துவர் சோதித்து சதவீதத்தைக் குறிப்பார். அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியலாளரின் மதிப்பீடும் தேவைப்படும் என்பதால் ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. அதில் எழுதியிருக்கும் காலாவதித் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

மலைவாழ் குடும்பங்களுக்கு இந்த வேலை உண்மையிலேயே கடினம். தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் இறங்கி வருவது எளிதா? பர்கூர், கடம்பூர், வால்பாறைப் பகுதிகளிலும் இதே நிலைதான். ஒவ்வொருவராக அலைவதைவிட, அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கும் இத்தகைய குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, மருத்துவக் குழு முகாமை எங்கள் பகுதியிலேயே நடத்துங்கள் என்று ஆட்சியரிடம் கூட்டாக மனுக் கொடுப்பது பயன் தரும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது.

பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள், உடல் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயுள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். இதையும் வருவாய்த் துறை ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. இவற்றோடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அதில் தெரபிச் செலவும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பெரியவர்கள்

பதினெட்டு வயதுக்குப் பிறகு சேவைகள் சட்டென்று மெலிந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தோடு தெரபியும் நின்றுபோய், பிள்ளை வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறார். இதை ஏற்றுக்கொண்டு விடக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். பதினான்கு, பதினைந்து வயதிலேயே ஆடை மடித்தல், நூல் பிசிறு வெட்டுதல், எண்ணி அடுக்குதல் போன்ற வேலைகளைப் பழக்கினால் திருப்பூரின் சிறு யூனிட்களில் அவருக்கும் ஓர் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் சம்பளமில்லாமல் 'பொழுதுபோக்காக' வேலை வாங்குவதற்குக் குடும்பம் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. தொழிலாளர்களுக்கான காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர மற்றவர்களுக்கு 21,000 ரூபாயாக உள்ள மாதச் சம்பள வரம்பு, மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு 25,000 ரூபாய்.

தென்னையிலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ முதுகுத்தண்டு அடிபட்டு நடுவயதில் படுத்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு முதல் எதிரி படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பதும், இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் எந்த மருந்தையும்விட முக்கியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வலி நிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். சக்கர நாற்காலியை முகாமில் கிடைத்ததென்று அப்படியே வாங்கிவிடாமல், இடுப்பு அகலத்தையும் தொடை நீளத்தையும் அளந்து தரக் கேளுங்கள்.

ஊரோடு சேர்ந்து வாழ்வதும் சேவைதான். நோம்பிக்கும் சீருக்கும் போகும்போது பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உறவினர்கள் அழைக்கும்போதே "அவனையும் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அந்தத் தாய்க்கு எவ்வளவோ பாரம் குறையும். மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேர் இருந்தாலே தனிச் சுயஉதவிக் குழு அமைக்கலாம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்தது. ரேஷன் கடைக்குச் சாய்தளம் வேண்டும் என்று கிராம சபையில் கேட்கும்போது அந்த உறுப்பினரின் துணையையும் நாடுங்கள்.

எங்களுக்குப் பிறகு யார்?

பெற்றோர் எல்லோரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளராகத் தொடர்வதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 'நிராமயா' காப்பீட்டுக்குச் சொன்ன அதே நான்கு வகைக் குறைபாடுகளுக்கு, ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெற வேண்டும். வங்கிக் கணக்கு, தோட்டத்தில் அவருக்குரிய பங்கு, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றிலும் இந்தச் சான்று கேட்கப்படும். பங்காளிகள் சுமுகமாக இருக்கும் காலத்திலேயே உயிலை எழுதிப் பதிவு செய்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்பதை அவரிடமே பேசி முடிவு செய்துவிடுங்கள். சொத்தை ஒருவர் பெயரிலும் பராமரிப்பை இன்னொருவர் பொறுப்பிலும் விடுவது பின்னால் சிக்கலைத் தரும்.

மில், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. குறைபாட்டால் உங்கள் வருமானத்தையே முழுவதும் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு, வயது எத்தனையானாலும் உங்கள் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி உண்டு. கோவையில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அதைப் பெறலாம். அடுத்தது பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால் மற்றப் பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் 25 வயதோடு நின்றுவிடும். நிரந்தரமாக முழு ஊனமுற்ற மகனுக்கோ மகளுக்கோ அது வாழ்நாள் முழுவதும் வழங்கப்படும். உங்கள் பி.எஃப். கணக்கின் குடும்ப விவரத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்பதை இந்த மாதமே பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், நீங்கள் வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது.