கயாக்கின் அடி தேய்ந்தால்

நுவரெலியா மாவட்டத்துக் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கிவிட்டால் கரையெல்லாம் கல்லும் சரளையும்தான். கயாக்கை (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) இழுத்து ஏற்றும்போது முதலில் தேய்வது பின்முனையின் அடிப்பக்கம். பைபர் (கண்ணாடி நார்) கயாக் என்றால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேல்பூச்சில் வெறும் கீறலா, விட்டுவிடலாம். நார் சொரசொரவென்று தட்டுப்பட்டால் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும். சாண்ட் பேப்பரால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, கையுறை போட்டுக்கொண்டு எபொக்சியில் (இரண்டு போத்தல் திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) நனைத்த பைபர் துணியை இரண்டு மூன்று படையாக ஒட்டுங்கள். நுவரெலியாக் குளிரில் அது லேசில் இறுகாது. கலக்குவதற்கு முன் போத்தல்களை இளஞ்சூட்டு நீரில் சற்று வைத்தெடுப்பது நல்லது. அப்புறம் மேலே பெயின்ட், ஏனென்றால் வெயில் எபொக்சியைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் கயாக்கில் எபொக்சி சரியாகப் பிடிக்காது. அதில் பிசிறுகளை பிளேடால் சீவிவிட்டாலே போதும்.